மூன்று விரல் அகலம்

இரண்டு முறை இதே இடம் வரை ஏறி, இதே இடத்திலிருந்து இறங்கிப் போயிருக்கிறாள் வெற்றிச்செல்வி.

உச்சிக்கு இன்னும் ஓர் ஆள் உயரம்தான்.

அரும்பாவூர்ப் பக்கத்துப் பாறை அது. மேலே சின்ன முருகன் கோயில். பின்பக்கம் முந்நூறு படிகள், முன்பக்கம் செங்குத்து. முன்பக்கம் ஏறுகிறவர்கள் பாறை வெடிப்பில் ஓர் உலோக நட்டைச் செருகி, அதில் தங்கள் கயிற்றை மாட்டிக்கொண்டு போவார்கள். கை வழுக்கினால் அந்த நட்டுதான் உயிரைப் பிடிக்கும்.

கடைசி வெடிப்பு மூன்று விரல் அகலம். அவள் இடுப்பில் தொங்கிய நட்டுகளில் மிகப் பெரியதுகூட அதில் நிற்காமல் ஆடியது.

கல்லூரியில் படித்தபோது, கடையில் நட்டு வாங்க வழியில்லாததால், அப்பாதான் செய்து கொடுத்தார். காசிநாதன், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஃபிட்டர். பழைய லாரி நட்டை எடுத்து, கயிற்றை அறுக்காதபடி துளைக்குள் புரி புரியாக ஓடும் மரையை அராவி வழவழப்பாக்குவார். அதை சாமி படத்துக்கு முன் வைத்து, சந்தனப் பொட்டிட்ட பிறகுதான் மகள் கையில் தருவார்.

அவள் மகேஷைக் கட்டிக்கொண்ட நாளோடு அது நின்றது. மூன்று வருடமாகப் பேச்சில்லை.

வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் அப்பா எங்கே என்று கேட்பாள். "அப்பாவா? டிவி பாக்குறாரு" என்பாள் அம்மா.

போன வாரமும் அதே பதில்தான். ஆனால் அந்த மூன்று விரல் வெடிப்பைப் பற்றியும், ஞாயிறு காலை மறுபடி ஏறப் போவதைப் பற்றியும் அவள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் மட்டும் டிவியின் சத்தம் கேட்கவில்லை.

கையை உயர்த்தி வெடிப்பைத் தடவினாள்.

விரலில் ஏதோ இடறியது.

ஒரு பெரிய நட்டு. அதில் கோத்த கயிறு வெளியே தொங்கியது. பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. துளைக்குள் விரல் நுனியை விட்டாள்.

மரை இல்லை.

உச்சியில் குப்புறப் படுத்து, கையை நீட்டும் மட்டும் நீட்டினால் இந்த வெடிப்பு எட்டும். ஆனால் முழங்கால் வலி என்று தெருக்கோயில் கும்பாபிஷேகத்துக்கே வராத மனிதர் அப்பா.

கீழே கயிற்றைப் பிடித்திருந்த மகேஷ் கத்தினான். "என்ன செல்வி, அங்கயே சாமி கும்பிட ஆரம்பிச்சிட்டியா? எனக்குக் கை மரத்துப்போச்சு!"

ஒரு கையால் எப்படிக் கும்பிடுவது? நெற்றியைப் பாறையில் வைத்தாள்.

கோபம் ஆறாத மனசிலும் ஒரு மூலையை முருகன் ஈரமாகத்தான் வைத்திருக்கிறான்.

கயிற்றை மாட்டினாள். இனி விழுந்தாலும் தாங்கும்.

அப்போதுதான் நட்டின் முகத்தைப் பார்த்தாள். சந்தனம், நடுவே குங்குமம். தொட்டதில் ஓர் ஓரம் கலைந்திருந்தது.

கிழக்குப் பார்த்த பாறை. சித்திரை வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் சந்தனம் ஐந்து நிமிடத்தில் உலர்ந்து உதிர்ந்துவிடும்.

விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள்.

ஈரமாக ஒட்டியிருந்தது.