காதில் போட்டுக்கொள்ளாதவர்

“எண்ணூறு அடி” என்று உயரம் சொன்னாள் துணை விமானி. கேப்டன் வாயைத் திறக்கவில்லை.

ஆரம்பிச்சுட்டார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராணுவச் சரக்கு விமானம் போலவே செய்த சிமுலேட்டர் அது. தரையை விட்டு எங்கும் போகாது. கண்ணாடியில் பொய் மேகம், பொய் மழை. முதுகுக்குப் பின்னால் பரீட்சை அதிகாரி உட்கார்ந்து, பட்டனைத் தட்டித் தட்டி எதையாவது கெடுத்துக்கொண்டிருந்தார். இடது இன்ஜினை ஏற்கெனவே அணைத்தாயிற்று.

இதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. ஓட்டுகிற இருவரில் ஒருவரை முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டு, நடுவில் நினைவு தப்பின மாதிரி நடிக்கச் சொல்லிவிடுவார்கள். மற்றவர் விமானத்தைக் கையில் எடுக்கிறாரா என்று பார்க்கத்தான்.

போன தடவை வேறொரு கேப்டனோடு அதில்தான் கவிழ்ந்தாள். சார், சார் என்று மரியாதை பார்த்துக்கொண்டிருந்ததில் விமானம் மலையில் போய் முட்டிவிட்டது. இன்றும் தோற்றால் அவ்வளவுதான், இனி மேசை வேலை. வீட்டில் முதல் டிகிரி வாங்கியது ஃபைல் கட்டவா?

காலையில் கேப்டனும் அதிகாரியும் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தாள். கூட்டுக் களவாணிகள். கேப்டன் வீட்டில் மூன்று தலைமுறையாக விமானிகள். லாரி டிரைவர் மகள் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தது அவருக்கு எங்கே செரிக்கும்? நிஜமாகப் பறக்கும்போதும் இதே திமிர்தான். உயரம் சொன்னால் சில நேரம் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

“ஐந்நூறு.”

பதில் இல்லை. மூக்கு சரிந்தது. கண்ணைக்கூட மூடாமல் உட்கார்ந்திருந்தார். நடிப்பதையாவது ஒழுங்காக நடிக்கக்கூடாதா?

இந்தத் தடவை அவள் மரியாதை பார்க்கவில்லை. கன்ட்ரோலைப் பிடுங்கினாள். இறக்கினாள். ரன்வேயில் நிறுத்தினாள்.

பாஸ்தானே, இனி சாரை எழுந்துக்கச் சொல்லலாமே என்று திரும்பினாள்.

அதிகாரி ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். அவளைப் பார்க்கவில்லை.

“நான் அவர்கிட்ட எதுவும் சொல்லி வைக்கலம்மா.”

கேப்டன் கண்ணைச் சிமிட்டினார். நின்றுபோன விமானத்தின் கன்ட்ரோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரன்வே இன்னும் தெரியலையா என்று அவளைக் கேட்டார்.

அதிகாரி தாழ்ந்த குரலில், இதுக்கு முன்னால இவரோட பறந்திருக்கியா என்றார்.

பத்தொன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் பின்னால் நாற்பது சிப்பாய்கள்.

அதில் எத்தனை தடவை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அவள் எண்ண ஆரம்பித்தாள்.