இறங்கிய பிறகு

பல வருஷம் பஸ் ஓட்டியவள் அக்கா. திரும்பிப் பார்க்காமலே ஆள் ஏறியதையும் இறங்கியதையும் சொல்லிவிடுவாள். இப்போது பலூன் ஓட்டக் கற்கிறாள். இன்று முதன்முறையாகத் தனியாகப் பறக்கிறாள். பாடம் சொல்லித்தந்த தம்பி கீழேயே நின்றுகொண்டான்.

"நான் இல்லேன்னா எடை குறைஞ்சிடும்க்கா. விர்ருனு ஏறும். நெருப்பைக் கொஞ்சமா விடு."

கொஞ்சமாக விட்டாள். பலூன் அசையவே இல்லை. அவன் கூட இருக்கும்போது விடும் அளவுக்கு விட்ட பிறகுதான் எழுந்தது. கூடையும் அவன் வழக்கமாக நிற்கும் மூலைப்பக்கமே சாய்ந்திருந்தது. காற்றாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மைதானத்தில் பூப்போல இறக்கினாள். இனி லைசென்ஸ் கையில் கிடைத்த மாதிரிதான். தலைகால் புரியாத சந்தோஷத்தில், மாற்று ஆள் ஏறும்வரை கூடையை விட்டு இறங்கக் கூடாது என்ற முதல் பாடமே மறந்துபோய்க் குதித்துவிட்டாள்.

"அய்யோ, பலூன் போயிடும்க்கா!" தம்பி அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

போகவில்லை. காலிக் கூடை புல்லை அழுத்தியபடி அப்படியே உட்கார்ந்திருந்தது. தம்பி பாதி வழியில் நின்றுவிட்டான்.

"உள்ள யாருக்கா?"

"யாருமில்லடா."

கூடையின் பிரம்பு கிறீச்சிட்டது. பக்கத்தில் ஈரப்புல் இரண்டு இடத்தில் மடங்கியது. மறுநொடி கூடை விருட்டென்று மேலே போனது. தம்பி கயிற்றைப் பிடிக்கப் பாய்ந்தான்.

அக்கா அசையவில்லை. அவர்கள் வந்த ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓர் ஆள் ஏறினால் எவ்வளவு தாழுமோ, அதன் பின்பக்கம் அவ்வளவு தாழ்ந்தது.