சாக்ஸபோன் புத்தகத்தின் பதினான்காம் பக்கம்

"நடுவுல எதுக்கு வெறுந்தாள்? காகிதம் என்ன மரத்துலயா காய்க்குது?" கிளாரினெட்டுக்கான இசைக்குறிப்புப் புத்தகத்தைப் புரட்டியபடி கேட்டார் பேண்டு மாஸ்டர் அபுந்தியோ.

"அது இல்லன்னா வாசிக்கும்போதே பக்கம் திருப்பணும் மாஸ்டர். இப்ப ஓய்வு வர்ற இடத்துல திருப்பிக்கலாம்," என்றாள் ஃபிடென்சியா.

ட்ரம்பெட், டியூபா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். எல்லாவற்றிலும் பக்கம் முடிகிற இடத்தில் மூச்சு வாங்க நேரம் இருந்தது. ஊர்வலப் பாட்டுக்குச் சிவப்பு நாடா, பூசைக்கு வெள்ளை, நடனத்துக்கு மஞ்சள்.

போன திருவிழாவில் மெக்சிகோவின் ஓஹாகா மலைக்காற்று உதிரி இசைத்தாள்களைக் கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு போனது. திருவிழாவின் தமாலே கொழுக்கட்டை தின்ன வந்த பக்கத்து ஊர் பேண்டு விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மானத்தை மீட்கத்தான் மூன்று மாதமாக உட்கார்ந்து தாள்களைப் புத்தகங்களாகத் தைத்தாள் ஃபிடென்சியா. இப்போதும் பேண்டு வாசிக்கும் மண்டபத்தின் படிக்குக் கீழேதான் நின்றாள். வாத்தியக்காரர் தவிர யாரும் மேலே ஏறக் கூடாது. யார் கெஞ்சினாலும் மாஸ்டர் மசிய மாட்டார்.

"சிக்கிட்டே," என்றார் மாஸ்டர், சாக்ஸபோன் புத்தகத்தை நீட்டி. "பதினாலாம் பக்கம். தனி வாசிப்புக்கு நடுவுல திருப்பணுமா? யரேலிக்கு என்ன மூணு கையா? நம்ம பேண்டுல ஒரு பொண்ணு தனியா வாசிக்கிறதே இதான் முதல் தடவை."

"தப்புதான் மாஸ்டர்."

"பழைய தாளைக் கொண்டா."

"அதைத்தானே வெட்டி ஒட்டியிருக்கேன்."

கோயில் மணி அடித்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"எல்லார் கையிலயும் வாத்தியம். வேற யாரு திருப்புவா? நீ பண்ணின தப்பு, நீயே ஏறி நின்னு திருப்பு," என்று எரிந்து விழுந்தார் மாஸ்டர்.

ஃபிடென்சியா பசை படிந்த ஏப்ரனை அவிழ்த்தாள். உள்ளே திருவிழாப் புதுத்துணி.

காற்று பலமாகத்தான் அடித்தது. ஒரு தாள்கூட அசையவில்லை. பதினான்காம் பக்கம் சத்தமில்லாமல் திரும்பியது. யரேலியின் சாக்ஸபோன் ஓரிடத்திலும் இடறவில்லை. பக்கத்து ஊர் பேண்டே எழுந்து நின்று கைதட்டியது. மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே யரேலி கிசுகிசுத்தாள்: "அம்மா, இந்தத் தனி வாசிப்பு முழுசும் ஒரே தாள்லதானே இருந்துச்சு. எதுக்கு ரெண்டா வெட்டினே?"

"குனிஞ்சு வணக்கம் சொல்லுடி. மாஸ்டர் பார்க்கிறார்," என்றாள் ஃபிடென்சியா.