அலைகரையில் நாலு சிவப்புத் தடி

விடிந்து பார்த்தால் குளத்து அலைகரையில் நாலு தடி நிற்கிறது. நுனியில் சிவப்புப் பெயின்ற்.

அவ்வளவுதான், ஊர் வழியை மாற்றிவிட்டது. கனகராயன்குளத்துப் பக்கத்துச் சனத்துக்குச் சிவப்புத் தடியென்றால் மிதிவெடியென்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பலகை இல்லை, மண்டையோடு இல்லை, ஒரு எழுத்துக்கூட இல்லை. இருந்தும் ஒரு குஞ்சு குருமான் அந்தப் பக்கம் காலை வைக்கவில்லை.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் கதிர்காமநாதனுக்குத்தான் இது பொறுக்கவில்லை.

அந்த நாலு தடிக்கும் நட்டநடுவில் ஒரு ஆட்காட்டிக் குருவிக் கூடு. கூடென்றால் கூடுமில்லை; வெறும் மண்ணில் ஒரு சின்னப் பள்ளம், அதில் நாலு முட்டை. இருபத்தாறு நாளாகக் கமராவும் கொப்பியுமாக அதன் பின்னால் அலைகிறார். புதனோ வியாழனோ பொரிக்கும். ஓடு உடைந்து குஞ்சு தலையை நீட்டும்போது எடுக்கிற படத்தைக் கொழும்பில் நடக்கும் பறவைப் படப் போட்டிக்கு அனுப்பவேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு வருடமாக ஆறுதல் பரிசு வாங்கி அலுத்துப்போன மனுசன். இந்த முறை முதற்பரிசு கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

தடியடிக்குப் போய் ஒரு காலைத் தூக்கினார். கொஞ்சம் யோசித்தார். தூக்கிய காலைத் தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தார்.

மாடுகளைச் சுற்றுப்பாதையால் சாய்த்துக்கொண்டு இளையதம்பி வந்தார்.

"இளையதம்பி, உதை ஆர் நட்டது?"

"சுகந்தினி, சேர். நேற்றுப் பின்னேரம் தடியும் சுத்தியலுமாப் போனவள். லீவிலை வந்து நிக்கிறாள்."

"உள்ளுக்கு என்ன கிடக்காம்?"

"நான் கேக்கேல்லை. சிவப்புத் தடியைக் கண்டாப் பிறகு என்ன கேள்வி?"

சுகந்தினி மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறவள். கதிர்காமநாதனிடம் படித்தவள்தான். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தைக் கோட்டைவிட்டவள். லீவில் வந்த பிள்ளை தனியே போய் நாலு தடி நட்டதாம். இதில் ஏதோ விளையாட்டு இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. சைக்கிளைத் திருப்பினார்.

அவள் வீடு அலைகரைக்கு நேர் எதிரே. கிணற்றடியில் வேலைச் சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, அங்கை வெடி கிடக்கோ?"

"இல்லை சேர். அது துப்புரவாக்கிக் குடுத்துப் பத்து வருசம்."

"அப்ப என்ன கோதாரிக்கு ஊரை வெருட்டுறாய்? விளையாட்டே இது? விதானையிட்டைச் சொல்லட்டே?"

"கோவிக்காதேங்கோ சேர். ஆட்காட்டி அடை கிடக்குது. அது பொரிக்குமட்டும் ஆக்கள் கிட்டப் போகக்கூடாது எண்டுதான் நட்டனான்."

கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. தன்னைத் தவிர இந்த ஊரில் பறவையைப் பற்றிக் கவலைப்பட இன்னொரு சீவன்! சேருக்குக் கண் கலங்காத குறை. கிணற்றடியில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்ல காரியம் செய்தாய், பிள்ளை. உந்த மாட்டுக்காரருக்கு இதெல்லாம் எங்கை விளங்கப்போகுது? ஆணும் பெண்ணும் மாறி மாறி அடை கிடக்கும், தெரியுமே?"

"ஓம் சேர்."

"மத்தியான வெயிலுக்கு என்ன செய்யும் சொல் பாப்பம்? தண்ணியிலை போய் நெஞ்சை நனைச்சுக்கொண்டு ஓடிவந்து முட்டைக்கு மேலை படுக்கும். இல்லாட்டி முட்டை அவிஞ்சுபோம்."

"கண்டனான் சேர்."

"அதைத்தான் நான் இன்னும் வடிவாப் படமெடுக்கேல்லை. நாலு நாளா மத்தியானத்திலை கிட்டப் போய் நிக்கிறன். நெஞ்சை நனைச்சுக்கொண்டு வருது. வந்து தள்ளி நிண்டு கத்துதே தவிர, முட்டைக்கு வருகுதில்லை. இந்தா, எழுதி வைச்சிருக்கிறன்."

கொப்பியை நீட்டினார். முத்துமுத்தான எழுத்து. 'பி.ப. 12.10 முதல் 1.00 வரை பறவை அடைக்கு வரவில்லை. ஓயாமல் கத்துகிறது. காரணம் தெரியவில்லை.'

சுகந்தினி வாசித்தாள். கொப்பியை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, வெடி இல்லைத்தானே," சேர் உற்சாகமாக எழுந்தார். "நான் இப்பவே உள்ளுக்குப் போறன். உன்ரை பேரையும் படத்துக்குக் கீழை போடுறன். மாடு மிதிக்காமல் தடி அப்பிடியே நிக்கட்டும்."

"மாட்டுக்கு நான் தடி நடேல்லை சேர்."

"என்ன?"

"மாடு கிட்ட வந்தா அது செட்டையை விரிச்சுக்கொண்டு முன்னாலை நிண்டு கத்தும். மாடு விலத்திப் போயிடும். இளையதம்பி அண்ணையும் அப்பிடித்தான். கத்திற சத்தம் கேட்டாலே சுத்திப் போயிடுவார்."

"அப்ப ஆருக்குத்தான் பிள்ளை நட்டனீ?"

சுகந்தினி சப்பாத்தைக் கவிழ்த்து வெயிலில் வைத்தாள்.

"அது கத்தக் கத்த நிண்டு எழுதிறவைக்கு, சேர்."