அத்தை விடமாட்டாங்க

"இன்னிக்கு ஒரு நாள்தாம்மா. கழுத்தைத் திருப்பவே முடியலை. நீ லேசாத் தொட்டாப் போதும், சரியாயிடும்."

மாடி வீட்டம்மா வாசலில் நின்று, கழுத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

மருமகள் பிசியோதெரபிஸ்ட். காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் ஊரார் முதுகையும் முட்டியையும் நீவிவிட்டு, அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றியிருந்தாள். அவள் மணிக்கட்டிலேயே பட்டை கட்டியிருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

'முடியாது' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வழக்கம்போல அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அந்த வார்த்தைக்கும் அவளுக்கும் பிறந்ததிலிருந்தே ஆகாது.

அதனால் எப்போதும் சொல்வதையே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அத்தைதான் விடமாட்டாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் யாருக்காவது கை வெச்சேன்னு தெரிஞ்சா, வீட்டையே ரெண்டாக்கிடுவாங்க."

"அடப்பாவமே! பார்த்தா வாயில்லாப் பூச்சி மாதிரி இருக்காங்க. அந்த வார்டன்கிட்ட எப்படிம்மா காலம் தள்ளறே?"

"என்னக்கா பண்றது, என் தலையெழுத்து."

கூடவே ஒரு பெருமூச்சும் விட்டாள். அந்தப் பெருமூச்சு கொஞ்சம் அதிகப்படிதான்.

மாடி வீட்டம்மா 'உச்' கொட்டிக்கொண்டே திரும்பினாள். பின்னால் படியில், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மாமியார் நின்றிருந்தார்.

எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்க வேண்டியதே இல்லை. முகத்திலேயே தெரிந்தது.

மாடி வீட்டம்மா கழுத்தை மறந்து, விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள்.

மாமியார் உள்ளே வந்தார். பையைச் சமையல் மேடையில் வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

நாலு திட்டு திட்டியிருந்தாலாவது தேவலை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் முகம் சுளிக்காத மனுஷி. அவள் கைவலியோடு வந்தால், கேட்காமலே வெந்நீர் போட்டுக் கொடுப்பவர். ஏற்கெனவே மாமியாரின் அக்கா, பெரியத்தை, ஏனென்றே தெரியாமல் இவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இப்போது அத்தையும் அப்படி ஆகிவிட்டால்? மருமகள் சமையல் மேடை வரை பின்னாலேயே போனாள்.

"அத்தை..."

"நான் எத்தனை நாளா வார்டன்?"

"ரெண்டு வருஷமா."

"கட்டடம் முழுக்கவா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "பக்கத்துக் கட்டடத்துலயும்."

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதான் படியில என்னைப் பார்த்ததும் சின்னப் பசங்கல்லாம் ஓடுதுங்களா? நான் என்னமோ என் மூஞ்சிதான் சரியில்லையோன்னு நினைச்சேன்!"

மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்லைன்னு சொல்ல எனக்கு வாயே வரமாட்டேங்குது அத்தை. உங்க பேரைச் சொன்னா மறுபேச்சு பேசாமப் போயிடறாங்க. தப்புதான். நாளைக்கே வீடு வீடாப் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லு. நல்லாச் சொல்லு. ஒரு மனுஷி பேரை எடுத்து இப்படியா..." என்று எழுந்த மாமியார், மீதியைத் தக்காளியிடம் சொல்லிக்கொண்டே குழாயைத் திறந்தார்.

அப்போது மாமியாரின் போன் அடித்தது. பெரியத்தை.

"எடுக்காதே!" என்றார் மாமியார் அவசரமாக.

அதற்குள், அத்தைக்கு ஈரக்கையாயிற்றே, நல்ல பேர் வாங்கலாமே என்ற ஆசையில், மருமகள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"என்னடி, வீடு மாத்தறேன், ஒரு மாசம் வந்து ஒத்தாசையா இருன்னு சொன்னேனே, என்ன ஆச்சு? இந்தத் தடவையும் அந்த ராட்சசி விடமாட்டேன்னுட்டாளா?"

மருமகள் போனையே பார்த்தாள்.

"பேத்தியைப் பார்த்துக்கக் கூப்பிட்டப்பவும் மருமக விடமாட்டான்னே. எனக்குக் கண் ஆபரேஷன் ஆனப்பவும் அதையே சொன்னே. கல்யாணம் பண்ணி வந்த நாள்லேருந்து உன்னை வீட்டோட பூட்டி வெச்சிருக்காளே! குடு போனை அவகிட்ட, நான் கேக்கறேன் நாலு வார்த்தை."

மருமகள் மெல்ல அத்தை பக்கம் திரும்பினாள்.

மாமியார் திரும்பவே இல்லை. கழுவின தக்காளியையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவப்பில் தக்காளியோடு போட்டி போட்டன.

"எனக்கும் வாய் வரலைடி" என்று முணுமுணுத்தார். "சின்ன வயசுலேருந்தே அக்கா சொன்னா எதிர்த்துப் பேசினதே இல்லை. முன்ன மாதிரி ஓடியாட இடுப்பும் முடியலை."

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். அத்தைக்காக என்றதும், பிறந்ததிலிருந்து வராத அந்த வார்த்தை கணீரென்று வந்தது.

"முடியாது பெரியத்தை! அவங்களை எங்கேயும் அனுப்ப முடியாது!"

போனில் பெரியத்தை அந்த நாலு வார்த்தையை ஆரம்பித்தார்.

வாசலில் மணி அடித்தது. யாருக்கோ முட்டி பிடித்திருக்க வேண்டும்.

மருமகள் பழக்கதோஷத்தில் ஓர் அடி எடுத்து வைத்தாள். மாமியார் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி நடந்தார்.

"நீ போனைப் பாரு. வாசலை வார்டன் பார்த்துக்குவா."