பெரிய திருகின் பயம்

ஒரு நுண்ணோக்கியில் பெரிய திருகும் சின்னத் திருகும் அண்ணன் தம்பியாக இருந்தன. பெரியது ஒரு சுற்று சுற்றினால் லென்ஸ் விரலகலம் இறங்கும். சின்னது சுற்றினால் மயிரிழைதான் நகரும். ஒருமுறை பெரியது வேகமாகச் சுற்றியதில் லென்ஸ் இடித்துக் கண்ணாடித் தகடு உடைந்துபோனது. அன்றிலிருந்து அது அசையவே பயந்தது.

இன்று வந்த தகட்டில் ஒரு சொட்டுக் குளத்து நீர் இருந்தது. அதற்குள் உயிருள்ள ஒரு தண்ணீர்ப்பூச்சி, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் கண்ணாடி உடம்போடு.

"என்னை நசுக்கிடாதீங்க!" என்று பூச்சி கெஞ்சியது.

"என்னால முடியாதுடா தம்பி," என்றது பெரியது.

"நீங்க தொடங்காம என்னால எதுவும் ஆகாதுண்ணே. இப்ப மாட்டியிருக்கறது குட்டை லென்ஸ்தான், சட்டுன்னு இடிக்காது. பக்கவாட்டுல இடைவெளியைப் பார்த்துக்கிட்டே இறக்குங்க. அப்புறம் மேலே மட்டும்தான் ஏத்தணும்."

பெரியது பார்த்துப் பார்த்து இறக்கி, கடுகளவு இடைவெளியில் நின்றது. பிறகு மெல்ல மேலே ஏற்றியது. மங்கலாக ஒரு நிழல் தெரிந்தது.

"போதும்ண்ணே, இனி நான் பார்த்துக்கறேன்."

இன்னும் சுற்ற ஆசைதான். ஆனாலும் பெரியது நின்றுகொண்டது. சின்னது துளித்துளியாகத் திரும்ப, பூச்சியின் இதயம் துடிப்பது தெளிவாகத் தெரிந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டது பெரியது.

"ஆகலை. முதுகுப் பக்கம் பாருங்க, முட்டை வெச்சிருக்கேன்," என்றது பூச்சி.