பக்கத்துக் கூடாரம்

கொரியாவின் சொராக் மலையடிவார முகாமில் பெரியவர் தொக்மான் போட்ட கூடாரம் மூன்றாவது முறையாகச் சரிந்தது. பக்கத்துக் கூடார வாசலில் தனியாக உட்கார்ந்திருந்த மால்சுன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, முளையைச் சாய்ச்சு அடிக்கணும். இப்படிக் கொண்டாங்க!"

கூடாரம் நிமிர்ந்து நின்றது.

"வெறுந்தரையில படுத்துடாதீங்க. குளிர் முதுகு வழியாத்தான் ஏறும், அடியில கெட்டியா விரிங்க. வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திக் காலடியில வச்சுக்குங்க."

"இவ்வளவும் எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது. அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. தனியா வந்தது தப்போ, கிளம்பிடலாமான்னு காலையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டிருந்தேன்." மால்சுன் சட்டென்று எழுந்தார். "ராம்யன் நூடுல்ஸ் வைக்கிறேன், சாப்பிட வாங்க. முதல்ல அந்த ஈரக் காலுறையை மாத்துங்க!"

அவர் தண்ணீர் பிடிக்கப் போனதும் தொக்மானின் போன் அடித்தது.

"மாஸ்டர், நாளைக்குக் கூடாரம் போடுற பயிற்சிக்கு முப்பது பேர் சேர்ந்திருக்காங்க. இருபது வருஷமா நீங்கதானே எடுக்கறீங்க, வந்துடுவீங்கல்ல?"

"வேற யாரையாவது அனுப்புப்பா," என்றார் தொக்மான் தணிந்த குரலில். "எனக்கே இங்க ஒருத்தங்க வகுப்பு எடுத்துக்கிட்டிருக்காங்க."